வெள்ளைப் புருவக்காரருக்குப் பாட்டெழுதியவள்

என் ஸ்டெல்லாப் புள்ளைக்கு,

நீ போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாளில் உனக்கு நான் ஒரு வரி எழுதவில்லை. நீ உயிரோடு இருந்த கடைசி இரண்டு வருஷத்திலும் எழுதவில்லை. எழுதத் தெரிந்தவள் என்று என்னைப் பற்றி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நீ. அந்த நான் உனக்கு மட்டும் எழுதவில்லை.

முதலில் ஒரு செய்தி சொல்கிறேன். நம் கேசட்டை மறுபடி போடப்போகிறார்கள். போன மாதம் உன் அண்ணன் லூர்து பெரம்பலூரில் என் ஆபீசுக்கே வந்துவிட்டார். முன்தலை முழுக்க நரைத்துவிட்டது அவருக்கு. ஃபைல்களுக்கு நடுவில் நின்றுகொண்டே பேசினார்.

"லாரிக்காரங்க நச்சரிக்கிறாங்க தங்கச்சி. இருக்கறதெல்லாம் தேஞ்சுபோயி கொழகொழன்னு ஓடுது. திருச்சி ஸ்டுடியோக்காரரு திரும்பப் போடலாங்கறாரு. அட்டைக்கு நீயே எழுதிக் குடுத்துடு. போன தடவ எழுதுன மாதிரியே இருந்தாப் போதும்."

போன தடவை எழுதின மாதிரியே. அவர் போன பிறகு அன்று எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சூப்பரின்டென்டென்ட் சார் இரண்டு தரம் கூப்பிட்டும் காதில் விழவில்லை.

போன தடவை என்ன எழுதினேன் என்று உனக்கும் எனக்கும் நமக்குத் தப்பு அடித்த காசிக்கும் தெரியும். லூர்து அண்ணன்கூடக் கடைசிவரை அந்த அட்டையில் இருந்ததை நிஜம் என்றுதான் நினைத்திருந்தார். இந்தக் கடிதத்தை வேறு பலரும் படிக்கப்போகிறார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

திருச்சியில் விடுதியில் நமக்கு ஒரே அறை. உன் அப்பா வாத்தியார், வரதராஜன்பேட்டைப் பக்கத்திலிருந்து அரியலூருக்கு மாற்றலாகி வந்த குடும்பம். என் அப்பா பருத்தி மில்லில் மூட்டை தூக்குகிறவர். குரும்பலூரில் எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். முதல் வாரம் முழுக்க நான் வாய் திறக்காததால் நீ என்னை ஊமை என்று நினைத்துச் சைகையில் சாப்பிடக் கூப்பிட்டாயே, அதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

பொன்மலை ரயில்வே காலனியிலிருந்து வந்த ஒரு ஆங்கிலோ இந்தியப் பெண் நமக்கு அந்த இசைத்தட்டைப் போட்டுக் காட்டினாள். அமெரிக்காவில் மாட்டுக்காரர்களும் லாரிக்காரர்களும் பாடுகிற பாட்டாம், பின்னால் கிதாரும் டிரம்மும். நீ தரையில் உட்கார்ந்து மூன்று தரம் போடச் சொல்லிக் கேட்டாய். "இதுல என்ன புள்ள இருக்கு? ரோடு, தூசி, லாரி, ஊர வுட்டுப் போன பொண்ணு. நம்ம அரியலூர்ல இல்லாததா?" என்றாய். இசைக்குழுவின் யோசனை அந்த இடத்தில்தான் பிறந்தது.

உங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் கிதார் பழகியிருந்தாய் நீ. சிமென்ட் ஆலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த லூர்து அண்ணன் இன்னொரு கிதாரும் மௌத் ஆர்கனும். தாளத்துக்கு எங்கள் தெருக் காசியை நான் கூட்டி வந்தேன். தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு உங்கள் வீட்டு வாசலில் அவன் வந்து நின்றது நினைவிருக்கிறதா? "மாட்டுக்காரன் பாட்டுன்னா எங்க சித்தப்பன் பாடுவாரு. அதுக்கு எதுக்குங்க அமெரிக்கா?" என்று கேட்டான். குழுவுக்குச் 'செம்மண் சாலை' என்று பெயர் வைத்தது நீ. பாட்டுகள் என் பொறுப்பு.

பாட்டு எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது. பேசத்தான் வராது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பார்ப்பதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவேன். நீ அதற்கு மெட்டுப் போடுவாய். மெட்டோடு உன் வாயால்தான் லூர்து அண்ணன் கேட்பார், வரியும் உன்னுடையது என்று நினைத்துக்கொள்வார். எட்டுப் பாட்டு அப்படித்தான் வந்தது.

மூன்றாவது பாட்டைப் பற்றி உன்னிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு குழாய் இருக்குமே, அங்கே ஒருநாள் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற ஒருவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். கழுவித் துடைத்த பிறகும் புருவம் இரண்டும் வெள்ளையாகவே இருந்தன. நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, குழாயை மூடாமல் எனக்காக விட்டுவிட்டு நகர்ந்து போனார். அவ்வளவுதான். அவர் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. பிறகு இரண்டு மாதம் போகிற ஒவ்வொரு லாரியிலும் ஓட்டுகிறவர் முகத்தைப் பார்த்தேன். எல்லாருக்குமே புருவம் வெள்ளையாகத்தான் இருந்தது.

*வெள்ளைப் புருவக்காரரே, வண்டியக் கொஞ்சம் நிறுத்துங்க*
*கல்ல ஏத்திப் போறீங்க, என் கண்ணு ரெண்டும் ஏத்துங்க*
*தூசி தட்டிப் போனாக்கா யாருன்னு எனக்குத் தெரியாது.*

நீ படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாய். "யாருடி இது?" என்றாய். "யாருமில்ல புள்ள, சும்மா" என்றேன். சும்மா இல்லை, ஸ்டெல்லா.

திருச்சியில் அந்த மாடியறை ஸ்டுடியோவில் ஒரே நாளில் எட்டுப் பாட்டையும் பதிந்தோம். சுவரெல்லாம் சாக்கும் பழைய மெத்தையும். சத்தம் கேட்கும் என்று ஃபேனை நிறுத்திவிட்டார்கள். தப்புத் தோல் பாட்டுக்குப் பாட்டு தளர்ந்துபோய், அதைக் காய்ச்ச நெருப்பு வேண்டும் என்று காசி கீழே டீக்கடை அடுப்புக்கு ஓடி ஓடி வந்தான். மூன்றாவது பாட்டின் நடுவில் தெருவில் போன லாரியின் ஹாரன் உள்ளே விழுந்துவிட்டது. ஸ்டுடியோக்காரர் திரும்ப எடுக்கலாம் என்றார். "இருக்கட்டும் சார். லாரிப் பாட்டுதான, லாரியும் பாடிட்டுப் போவட்டும்" என்றாய் நீ. அந்த ஹாரன் இன்றைக்கும் அதில் இருக்கிறது.

சாயங்காலம் அவர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "அட்டைக்கு வெவரம் எழுதிக் குடுங்க. கையெழுத்து நல்லா இருக்கறவங்களா எழுதுங்க." லூர்து அண்ணன் ஸ்டேஷனில் ரயில் விசாரிக்கப் போயிருந்தார். நீயும் காசியும் என்னைப் பார்த்தீர்கள். பாடியவர் என்று உன் பெயர். கிதார், மௌத் ஆர்கன், தப்பு என்று வரிசையாக எழுதினேன். 'பாடல்கள்' என்று எழுதிவிட்டுப் பேனா நின்றது.

காசி தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "எழுது அஞ்சல. நம்ம தெருவுல எவம்பேரும் எதுலயும் ஏறல. உம்பேராச்சும் கேசட்டுல ஏறட்டும்."

நான் உன் பெயரை எழுதினேன்.

"ஏய், இது என்னா?" என்றாய் நீ.

"எம்பேரு வேணாம் புள்ள. எங்கப்பா காதுல வுழுந்தா அவ்ளோதான். லாரிக்காரனப் பாத்துப் பாட்டு கட்டிருக்கான்னு தெருவே சிரிக்கும். வேலைக்கு வேற எழுதிப் போட்ருக்கேன்."

"அப்ப நான் பொம்பளப் புள்ள இல்லியா?"

"உங்க வூட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீங்க கோயில்ல பாடுறவங்க."

நான் அதை நம்பித்தான் சொன்னேன். வாத்தியார் வீடு, கிதார் இருக்கிற வீடு, மேசை போட்டுச் சாப்பிடுகிற வீடு. அங்கே பெண்ணுக்கு ஒரு பயமும் கிடையாது என்று எங்கள் தெருவிலிருந்து பார்த்த எனக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று உன்னிடமும் காசியிடமும் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டேன். "சரி வுடு. அடுத்த கேசட்ல உம்பேரு மட்டும்தான். எம்பேரே கெடையாது" என்று சிரித்தாய். அடுத்த கேசட் என்று ஒன்று வரவே இல்லை.

பாட்டு ஓடியது. கல்யாண வீடுகளில் மைக் செட்டில் போட்டார்கள். சிறுவாச்சூரில் கோயிலுக்கு வருகிற கூட்டத்துக்கு நடுவில் வளையல் கடைக்காரர் போட்டார். உங்கள் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் உன்னைச் சூழ்ந்துகொண்டு, "யாருடி ஸ்டெல்லா அந்த வெள்ளைப் புருவக்காரரு?" என்று இடிப்பார்கள். "அரியலூர்ல முக்காவாசிப் பேருதான்க்கா. எவரு வேணுமோ எடுத்துக்குங்க" என்பாய். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏலாக்குறிச்சிப் பக்கத்து வாத்தியார் மாப்பிள்ளை பேசி முடிந்தது அப்போதுதான். "அவரு பாட வேணாங்கல புள்ள. கேசட்ட அவரே ரெண்டு வாங்கிருக்காரு" என்று நீ சொன்னபோது உன் முகம் இருந்த விதத்தை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

உங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள் என்று நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கவும் என்று. முதல் ஓலையைக் கேட்கப் பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தேன். உன் பெயரை வாசித்தபோது நீ திரும்பி என்னைத் தேடினாய்.

இரண்டாவது ஓலை வாசித்த மறுநாள் மாப்பிள்ளையின் அத்தை உங்கள் வீட்டுக்கு வந்தார். அந்தப் பாட்டை யாரோ அவருக்கு வரி வரியாக விளக்கியிருந்தார்கள். "பாட்டுல பொய் வருமா? மனசுல இருக்கறதுதான வெளிய வரும்" என்று கேட்டாராம். லூர்து அண்ணனிடம் வண்டிச் சாமான் கடைந்து வாங்க வருகிற ஒரு லாரி டிரைவர் உங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். அவர்தான் என்று பேச்சானது. பாவம், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். அதற்குப் பிறகு அவர் அந்தத் தெருவழியாக வண்டியே ஓட்டவில்லை.

புதன்கிழமை நீ குரும்பலூருக்கு வந்தாய். உள்ளே அப்பா படுத்திருந்தார். நீ குரலைத் தாழ்த்திப் பேசினாய்.

"நான் ஒண்ணு கேக்கட்டுமா அஞ்சு? உம்பேரச் சொல்லிக்கட்டுமா? சாமியார்கிட்ட மட்டும்."

"இப்ப வேணாம் புள்ள. ஆர்டர் வர்ற நேரம். ஒரே ஒரு மாசம் பொறுத்துக்கயேன்."

ஒரு மாதம் பொறுக்கச் சொன்னேன், நாலு நாளில் மூன்றாவது ஓலை இருக்கும்போது. நீ கோபப்படவில்லை. "சரி, வுடு" என்றாய். நாலு மணி பஸ்ஸுக்கு நடந்துபோனாய். நான் பஸ் நிறுத்தம்வரை வரவில்லை. ஏன் வரவில்லை ஸ்டெல்லா? வந்திருந்தால் வழியில் மனசு மாறியிருக்குமோ என்று எனக்கே பயமா?

சனிக்கிழமை நான் போனேன். இது உனக்குத் தெரியாது. பெரம்பலூர் வந்து, அரியலூர் பஸ் பிடித்து, உங்கள் பங்குச் சாமியார் வீட்டு முன்னால் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். ஒரே ஒரு வாக்கியம். உள்ளே சாமியார் யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்டது.

கோயிலில் மணியடித்து வேலை பார்க்கிற கோயில்பிள்ளை வெளியே வந்தார். "யாரம்மா? யாரப் பாக்கணும்?"

"தண்ணி வேணும்" என்றேன்.

ஒரு சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். வெளியே வந்து பஸ் ஏறினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

மறுநாள் வேறு இரண்டு ஜோடிகளுக்கு ஓலை வாசித்தார்களாம். உன் பெயரை வாசிக்கவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் லூர்து அண்ணன் சொல்லித் தெரிந்துகொண்டவை. உன் அப்பா கிதாரை எடுத்துக்கொண்டுபோய்க் கோயிலில் கொடுத்துவிட்டார். பாடகர் குழுவிலிருந்து நீயே நின்றுகொண்டாய். 'செம்மண் சாலை' அத்தோடு சரி. காசி கல்யாண மேளத்துக்குப் போனான். எனக்கு அந்த மாதக் கடைசியில் வேலை ஆர்டர் வந்தது. எங்கள் தெருவே வந்து பார்த்தது. உன்னிடமிருந்து ஒரு கார்டு வந்தது, 'சந்தோஷம் புள்ள' என்று மட்டும். அதற்குப் பதில் போடலாம் என்று எடுத்து எடுத்து வைத்தேன்.

மஞ்சள் காமாலை என்று கேள்விப்பட்டு நான் லீவு எழுதிக் கொடுத்தபோது, நீ ஏற்கெனவே போய்விட்டிருந்தாய். மண் போடும்போது எல்லாருக்கும் பின்னால் நின்றேன். அன்றைக்கும் என்னால் பேச முடிந்திருக்கும். யாரும் என் வாயை மூடவில்லை.

லூர்து அண்ணன் வந்துபோன அன்று சாயங்காலம் முதலில் அப்பாவிடம் சொன்னேன். முப்பது வயதை நெருங்குகிறேன், அப்போதும் பயந்து பயந்துதான் சொன்னேன். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்.

"அந்த லாரிப் பாட்டா? மூட்ட ஏத்துறப்ப நாங்க அதத்தான பாடுவோம். நீயா கட்டுன?" கொஞ்சம் யோசித்தார். "நல்லாத்தான இருக்கு. இத எதுக்குச் சொல்லாம வெச்சிருந்த?"

நான் எதற்குப் பயந்து உன் பெயரை எழுதினேனோ, அது அங்கே இல்லவே இல்லை. அல்லது அன்றைக்கு இருந்து, என் சம்பளம் வீட்டுக்கு வர ஆரம்பித்த பிறகு போய்விட்டதோ? தெரியவில்லை. கேட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

போன ஞாயிறு உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். கூடத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து சொன்னேன். "அம்மா, அந்தப் பாட்ட ஸ்டெல்லா எழுதல. நான் எழுதுனது. எட்டும் நாந்தான் எழுதுனேன். அவ பேர அட்டையில போட்டதும் நாந்தான்."

கை நின்றது. பிறகு மறுபடி உரிக்க ஆரம்பித்தார். உரித்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு எங்ககிட்ட சொல்லுச்சு, நான் எழுதலம்மான்னு. அப்ப யாரு எழுதுனாங்கன்னு அதுங்கப்பா கேட்டாரு. வாயத் தொறக்கல. பொய் சொல்றியான்னு அறஞ்சுட்டாரு. நானும் பொய்யின்னுதான் நெனச்சேன்."

எனக்குத் தெரியாது ஸ்டெல்லா. அடி வாங்கினாய் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அந்தக் கார்டில் நீ அதை எழுதியிருக்கலாம். ஒரே வார்த்தையில் என்னைத் திட்டியிருக்கலாம்.

"என்ன மன்னிச்சுடுங்கம்மா" என்றேன்.

"சாமியார் காதுல பாவசங்கீர்த்தனம் சொல்ற மாதிரி எங்கிட்ட சொல்லிட்டுப் போலான்னு வந்தியா?" என்றார் அம்மா. குரல் உயரவில்லை. "எங்காதுல போட்டா எங்காதோட போயிடும். எம்பொண்ண ஊரு காதுலதான பேசுனாங்க. அங்க போயிச் சொல்லு."

நான் கிளம்பும்போது வாசல்வரை வருகிறவர், அன்று எழுந்திருக்கவில்லை. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகப் பஸ் ஏறியிருப்பேன். இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

இதை நோட்டீசாக அச்சடிக்க லூர்து அண்ணனிடம் கொடுக்கப்போகிறேன். இதுவரை எழுதியதை அவரையே முதலில் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டுத் தாளை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "அவரு போன மாசம் தஞ்சாவூர்ப் பக்கம் மாத்தலாயிப் போயிட்டாராம்" என்றார். ஏலாக்குறிச்சி மாப்பிள்ளையைத்தான் சொன்னார். அவருக்கு இரண்டு குழந்தைகள். அவருக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இனி அதனால் யாருக்கு என்ன என்று தெரியவில்லை. ஆனாலும் அவருக்குத் தெரிய வேண்டும்.

புது அட்டை எழுதிவிட்டேன். பாடியது ஸ்டெல்லா. பாடல்கள், என் பெயர், அப்பா பெயரின் முதல் எழுத்தோடு, ஊர்ப் பெயரோடு. கீழே இன்னும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'முதல் பதிப்பில் பாடல்களுக்கு ஸ்டெல்லாவின் பெயரைப் போட்டது நான். அவர் ஒரு வரியும் எழுதவில்லை. எழுதியதாக எங்கும் சொல்லவும் இல்லை.' ஸ்டுடியோக்காரர் அட்டையில் இடம் போதாது என்றார். எழுத்தைச் சின்னதாக்கிப் போடுங்கள் என்றேன். இவ்வளவு உரக்க நான் யாரிடமும் பேசியதில்லை என்று கூட வந்திருந்த காசி சொன்னான்.

அட்டையைப் படிக்காதவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கடிதமும் கண்ணில் படாதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக, உன் மூன்றாம் வருஷ நினைவுப் பூசை முடிந்து எல்லாரும் வெளியே வருகிற நேரத்தில், கோயில் வாசலில் மைக்கைப் பிடித்து இதை நானே வாசிப்பேன். சாமியாரிடம் அனுமதி கேட்கப் போயிருந்தேன். அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். இந்தத் தரம் உள்ளே போனேன்.

குரல் நடுங்கும். நடுவில் நின்றுபோனாலும் போகும். நின்றால் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பேன். முழுசாகச் சொல்லி முடிக்காமல் அந்த வாசலைவிட்டு இறங்க மாட்டேன், ஸ்டெல்லா.

உன் கூடப் பிறக்காதவள்,
ம. அஞ்சலை
குரும்பலூர்